மேல்வரிசையில் காய்ந்த விறகு

சிக்கந்தர் பாயின் வண்டி நின்றுபோனதற்கு நான்தான் காரணம்.

காரணம் இன்ஜின் அல்ல. வடிகட்டியும் அல்ல. அவருடைய கைவேலையில் ஒரு குறையும் இல்லை... நான்! ஈர விறகை மூட்டையின் அடியில் போட்டேன். காய்ந்த விறகை மேலே பரப்பினேன். வாயைத் தைத்து அவரிடம் கொடுத்தேன். தெரியாமல் நடந்ததல்ல. யோசித்து, பொறுக்கிப் பொறுக்கிச் செய்தது.

ஐந்து வருடங்களாகிவிட்டன. என் வீட்டுக்காரருக்குத் தெரியாது. என்னோடு விறகு வெட்டும் பெண்களுக்குத் தெரியாது. சொல்லவேண்டியவரிடம் ஒருமுறை, ஒரே ஒருமுறை, சொல்லிப் பார்த்தேன். அது என்ன ஆயிற்று என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

என் பெயர் காளீஸ்வரி. நரிக்குடியிலிருந்து வீரசோழன் போகும் சாலையோரத்தில் எங்கள் குடியிருப்பு. சீமைக்கருவேலம் வெட்டி, மண்ணால் மூடி, மூட்டம் போட்டுக் கரி எடுப்பது எங்கள் பிழைப்பு. பன்னிரண்டாவது வரை படித்தவள் நான். அதனால்தான் இப்படிக் கோவையாக எழுத முடிகிறது. படித்தவளுக்குக் குற்றத்தை மறைக்கவும் கூடுதலாகத் தெரியும் என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன்.

ஊரில் என்னைப் பற்றி விசாரித்துப் பாருங்கள். "வாய்தான் பெருசு, ஆனா கைசுத்தம்" என்பார்கள். அந்தப் பெயரை நான் எவ்வளவு ஆசையாகச் சுமந்தேன் தெரியுமா! என்னைவிட அதை அதிகமாக நம்பியவர் ஒருவர் இருந்தார். அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

சிக்கந்தர் பாய் வீரசோழன்காரர். வளைகுடாவில் பதினெட்டு வருடம் மெக்கானிக்காக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். மகள் பிறந்ததையும், நடந்ததையும், பள்ளிக்கூடம் போனதையும் போனிலேயே பார்த்த மனிதர். "இனிமே போறதில்ல" என்று மனைவி நூர்ஜகானிடம் சொல்லிவிட்டுத்தான் பெட்டியைப் பரணில் போட்டாராம். போகாமல் இருக்க ஒரு தொழில் வேண்டுமே? அதற்காக அவர் கையில் எடுத்தது ஒரு பழைய பெட்ரோல் வேன்.

அந்த வேனைப் பெட்ரோல் இல்லாமல் விறகில் ஓட்டினார் அவர்!

நீங்கள் சிரிக்கலாம். நானும் சிரித்தேன். ஒருநாள் மூட்டத்தடிக்கு வந்து, மணிக்கட்டுத் தடிமனுள்ள கருவேலங் கொம்புகளைத் தீப்பெட்டியைவிடப் பெரிதாகவும் கைமுஷ்டியைவிடச் சிறிதாகவும் நறுக்கித் தர முடியுமா என்று கேட்டார். எந்தக் கல்யாணத்துக்குப் பிரியாணி பாய் என்றேன். பிரியாணிக்கு இல்லை, வண்டிக்கு என்றார். வெயிலில் வந்ததால் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தேன்.

பிறகு புரிந்தது. வண்டியின் பின்னால் இரண்டு ட்ரம். முதல் ட்ரம்மில் விறகுத் துண்டுகளைப் போட்டு, காற்றை அளந்து விட்டு, முழுக்க எரியவிடாமல் எரிப்பார். அதிலிருந்து வரும் வாயு இரண்டாவது ட்ரம்முக்குப் போகும். அதுதான் வடிகட்டி, உள்ளே தேங்காய் நார் அடைத்திருக்கும். சாம்பலும் தூசியும் அங்கே தங்கிவிட, சுத்தமான வாயு இன்ஜினுக்குப் போகும். கரிமூட்டம் போடுகிறவளுக்கு இது புரியாமல் போகுமா? நாங்கள் வீணாக ஆகாயத்துக்கு விட்ட புகையைத்தான் அவர் பிடித்து வேலை வாங்கினார்.

ஆனால் ஒரு வித்தியாசம் இருந்தது. கரிமூட்டத்துக்குப் பச்சை விறகே போதும். இரண்டு நாள் வாடினால் அடுக்கிவிடுவோம். கை நீளம், கால் நீளம் என்று எப்படிக் கிடந்தாலும் குற்றமில்லை. அவருடைய ட்ரம் அப்படியில்லை. துண்டு நீண்டால் உள்ளே குறுக்கே சிக்கி, அடியில் பொந்து விழுந்து நெருப்பு அணைந்துவிடும். தூள் சேர்ந்தால் மூச்சு அடைக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, ஈரம் கூடாது. ஈரம் இருந்தால் வாயுவோடு தார் வரும். ரோட்டில் ஊற்றுகிறார்களே, அதேபோல் கறுப்பான பிசின். அதை எந்த வடிகட்டியும் முழுதாக நிறுத்தாது.

முதல் மாதம் அரிவாளும் கட்டையுமாக நறுக்கினேன். கை கொப்புளித்தது, கருவேல முள் ஏறி விரல் சீழ் கட்டியது. பாய் அதைப் பார்த்தார். பத்து நாளில் ஒரு மிசினைக் கொண்டுவந்து என் வாசலில் இறக்கினார். பழைய லாரியின் பின் அச்சு. சக்கரத் தட்டில் பற்றவைத்த கனத்த வெட்டுப் பட்டயம். ஓட்டுவதற்குச் சின்ன டீசல் இன்ஜின். கொம்பை நீட்டினால் மெதுவாகச் சுற்றி வந்து 'கடக்' என்று கடித்துப் போடும், 'கடக்', 'கடக்'... எல்லாம் ஒரே அளவு! அன்று நான் அந்த மிசினைத் தொட்டுக் கும்பிட்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், இன்றும் காலையில் கும்பிட்டுவிட்டுத்தான் ஓட்டுகிறேன்.

துண்டுகளை நாலு வாரம் வெயிலில் காய வைப்பேன். திருச்சுழிப் பக்கத்து வெயிலைத் திட்டாதவர்கள் கிடையாது; நான் மட்டும் அந்த வருடம் அதற்கு நன்றி சொன்னேன். நிலத்தைக் கெடுத்த மரம் என்று எல்லோரும் சபிக்கும் கருவேலத்துக்கும் சேர்த்துத்தான் நன்றி சொன்னேன். காய்ந்ததா என்று பார்க்க ஒரு வழி உண்டு. இரண்டு துண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டினால், காய்ந்தது கணீரென்று கேட்கும். ஈரமானது மொத்தென்று கேட்கும். என் காது அதில் அப்படித் தேறிவிட்டது.

ஆரம்பத்தில் அவர் ஒவ்வொரு மூட்டையையும் தரையில் கொட்டித் தட்டிப் பார்ப்பார். மூன்றாவது மாதம் அதை நிறுத்திவிட்டார். ஏன் பாய் என்று கேட்டேன்.

"நீ பாத்தாச்சுல்ல. பெறகு நான் எதுக்குப் பாக்கணும்?"

இந்த ஒரு வாக்கியத்தை என்னிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை. கரி வாங்க வரும் வியாபாரி அடி மூட்டை வரை குத்திப் பார்ப்பார். என் வீட்டுக்காரர் அருப்புக்கோட்டை மில்லில் ஷிப்டு முடிந்து வந்தால் குழம்பில் உப்பு இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்த பிறகுதான் ஊற்றுவார். என்னை முழுதாக நம்பிய முதல் மனிதர் சிக்கந்தர் பாய். அந்த நன்றி எனக்குள் இன்றைக்கும் ஈரமாக இருக்கிறது... அந்த நம்பிக்கையைத்தான் நான் ஏமாற்றினேன்.

அந்த ஐப்பசியில் தெற்கிலிருந்து ஒரு விவசாயிகள் குழு வண்டியைப் பார்க்க வருவதாக இருந்தது. புதன்கிழமை. வண்டி நல்லபடியாக ஓடினால், அவர்களுடைய கிணற்று இன்ஜின்களுக்கு இதே மாதிரி ட்ரம் செய்து தரச் சொல்வார்கள். அந்த வேலை கிடைத்தால் பாய் ஊரிலேயே தங்கிவிடலாம். துண்டு விறகு நறுக்க எங்கள் குடியிருப்பில் பத்துப் பெண்களுக்கு வேலை. இவ்வளவும் ஐந்து மூட்டைக் காய்ந்த விறகில் நின்றது. அது என் பொறுப்பு.

மழைக்காலம் என்று பாய் ஒரு கெட்டியான நீலத் தார்ப்பாய் வாங்கித் தந்திருந்தார். விறகைத் தவிர வேறெதற்கும் அதை எடுக்கக் கூடாது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்துக்கொண்டே சரி என்றேன்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை என் தங்கை மகளுக்குச் சடங்கு, நரிக்குடியில். சமையல் பந்தலுக்கு மேலே போட ஒன்றும் இல்லை என்று தங்கை சனிக்கிழமை போனில் அழுதாள். அவள் புகுந்த வீட்டார் குறை சொல்லும் ஆட்கள். அந்த இடத்தில் என் தங்கையின் தலை தாழக்கூடாது என்று நினைத்தேன். பொய் சொல்வானேன்... நான் பெரிய மனுஷியாக நிற்க வேண்டும் என்றும் நினைத்தேன்.

எங்கள் வானத்தை உங்களுக்குத் தெரியாது. மேகம் திரளும், இடி உறுமும், மண்வாசனை கூட வரும். மழை மட்டும் அடுத்த ஊரில் பெய்துவிட்டுப் போய்விடும். பிறந்ததிலிருந்து இப்படி ஏமாந்தவர்கள் நாங்கள். மேகத்தைப் பார்த்துத் துணியை எடுத்து உள்ளே போடுகிறவளை எங்கள் பக்கத்தில் கேலி செய்வார்கள். அன்று கறுத்திருந்த வானத்தை அண்ணாந்து பார்த்து, "நீயாவது பெய்யுறதாவது" என்று நினைத்தபடியே விறகின் மேலிருந்த தார்ப்பாயை உருவி, மடித்து, பஸ்ஸில் ஏற்றினேன்.

ஞாயிறு மதியம் பந்தி நடக்கும்போது கொட்டியது பாருங்கள் மழை! நரிக்குடியிலும் கொட்டியது, எங்கள் குடியிருப்பிலும் கொட்டியது. அடுப்புக்கு மேலே பாயின் நீலத் தார்ப்பாய் சொட்டு விடாமல் நின்றது. தங்கையின் மாமியார் எல்லோர் முன்னாலும் என்னைக் காட்டி, இவளுக்குத்தான் முன்யோசனை என்று மெச்சினாள். நான் தலையாட்டினேன். அந்த நேரம் என் வாசலில் நாலு வாரம் காய்ந்த விறகு ஊறிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டு நின்றேன்!

திங்கட்கிழமை வெயில் வரவில்லை. செவ்வாயும் மேகமூட்டம்தான். ஒரு மூட்டை அளவுக்கு மட்டும் வீட்டுக்குள் இருந்ததால் தப்பியிருந்தது. மற்றதெல்லாம் கையில் எடுத்தால் கனத்தது.

அப்போது ஒரு போன் செய்திருந்தால் போதுமே என்று கேட்கிறீர்களா? நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். செய்யவில்லை. தார்ப்பாயைச் சடங்கு வீட்டுக்கு எடுத்துப்போனேன் பாய் என்று சொல்ல நாக்கு வரவில்லை. கைசுத்தம் என்ற பெயர் போய்விடும். 'நீ பாத்தாச்சுல்ல' என்ற அந்த வாக்கியம் போய்விடும். அதை இழக்கப் பயந்தேன்.

அதனால் ஒரு கரிக்காரி மட்டுமே செய்யக்கூடிய காரியத்தைச் செய்தேன். என் மூட்டம் அப்போது வெந்துகொண்டிருந்தது. மேல்மண் நல்ல சூடு. அதன்மேல் சாக்கை விரித்து, ஈரத் துண்டுகளைப் பரப்பிப் புரட்டிப் புரட்டிப் போட்டேன். செவ்வாய் மாலைக்குள் பட்டை காய்ந்துவிட்டது. நிறம் வெளுத்துவிட்டது. தொட்டால் சூடாக இருந்தது. பார்க்கிறவர் யாராயிருந்தாலும் காய்ந்த விறகு என்றே சொல்வார்கள்.

தட்டிப் பார்த்தேன். மொத்... மொத்... கணீர்... மொத்...

உள்ளே ஈரம் அப்படியே இருந்தது. என் காது என்னிடம் பொய் சொல்லவில்லை. நான்தான் அதைப் பேசவிடாமல் செய்தேன். கணீரென்றவற்றைத் தனியாகப் பொறுக்கினேன். வீட்டுக்குள் இருந்த நல்ல மூட்டையையும் பிரித்து அவற்றோடு சேர்த்தேன். ஐந்து சாக்கிலும் முக்கால் வரை மொத்தென்றவை. மேலே ஒரு சாண் கணீரென்றவை. பிறகு சணல் கயிற்றால் தைத்தேன்.

புதன் காலை பாய் அந்த விவசாயிகள் குழுவோடு வந்தார். வெள்ளைச் சட்டை, முகத்தில் அப்படியொரு சந்தோஷம். ஒரு மூட்டையின் தையலைத் தளர்த்தி இரண்டு துண்டை எடுத்துத் தட்டினார். சோதிப்பதற்காக இல்லை, அந்தச் சத்தம் அவருக்குப் பிடிக்கும். கணீர் என்றது. என்னைப் பார்த்துச் சிரித்து, வண்டியில் ஏறு, வந்தவர்களுக்கு விறகைப் பற்றி நீதான் சொல்ல வேண்டும் என்றார். எனக்கு முன்சீட்டு!

வடிகட்டியிலிருந்து வரும் குழாயின் வாயில் தீக்குச்சியைக் காட்டினால் வாயு நீலமாகப் பற்ற வேண்டும். அன்று வெள்ளையாகப் புகைந்தது. ஒரு பெட்டித் தீக்குச்சி தீர்ந்தது. மழை பெய்த காற்று, அதனால் இப்படி என்று வந்தவர்களிடம் பாய் விளக்கினார். அந்த இடத்தில்கூட நான் வாய் திறந்திருக்கலாம்... திறக்கவில்லை.

கடைசியில் பற்றியது. வண்டியும் கிளம்பியது! கொஞ்சம் திணறினாலும் நரிக்குடி தாண்டித் திருச்சுழி வரை ஓடியது. வந்திருந்தவர்களில் ஒருவர் போனில் படம் எடுத்துக்கொண்டே வந்தார். என்னிடம் விறகைப் பற்றிக் கேட்டார்கள். அளவையும் காய வைக்கும் விதத்தையும் தட்டிப் பார்க்கும் முறையையும் நான் கூச்சமில்லாமல் விளக்கினேன். தப்பித்துவிட்டேன் என்றே நினைத்தேன்!

தார் சூடாக இருக்கும்வரை ஓடும், ஆறினால்தான் இறுகும். திருச்சுழியில் சாப்பிட்டு, பேசி, இரண்டு மணிநேரம் கழித்து பாய் இன்ஜினைக் கிளப்பினார். ஒரு இருமல். பிறகு உள்ளே 'மடக்' என்று ஏதோ மடங்கியது. அவ்வளவுதான்.

ரோட்டோரத்தில் மூடியைக் கழற்றினார். வால்வுகளைச் சுற்றிக் கறுப்புப் பிசின் கெட்டியாக ஒட்டியிருந்தது. வால்வைத் தள்ளும் கம்பி வளைந்திருந்தது. அவர் விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார். வந்தவர்கள் கொஞ்ச நேரம் நின்றார்கள். நல்ல மனிதர்கள்தான், பிறகு பேசுவோம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஏறினார்கள். பிறகு அவர்கள் பேசவேயில்லை.

பாய் வெகுநேரம் வேனின் படியில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் நின்றேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் முகம் செத்திருந்தது போலிருக்கிறது. என்னைத் தேற்ற ஆரம்பித்தார்!

"நீ ஏன்த்தா மொகம் வாடுற? உன் வெறகுல ஒரு கொறையும் இல்ல. என் பில்டருதான் அதுக்குத் தகுதியில்லாமப் போச்சு."

இதைக் கேட்டுவிட்டு நான் செய்ததைக் கேளுங்கள். வேனைக் கட்டி இழுக்க வண்டி வருவதற்குள், மீதியிருந்த மூட்டைகளை நானே எடுத்துப்போகிறேன் என்று சொல்லி ஆட்டோவில் ஏற்றினேன். அவர் வீட்டுக்குப் போய்ச் சாக்கைக் கொட்டினால் என் காரியம் வெளிச்சத்துக்கு வந்துவிடுமே! அந்த ஈர விறகை அடுத்த மூட்டத்தில் அடுக்கிக் கரியாக்கினேன். தடயம்கூட எனக்கு விலைபோயிற்று.

இரண்டு மாதத்தில் பாய் மறுபடி வளைகுடாவுக்குக் கிளம்பினார். சேமித்ததெல்லாம் அந்த வண்டியில் போயிருந்தது. பரணிலிருந்து பெட்டியை இறக்கும்போது மகள் கதவைச் சாத்திக்கொண்டு அழுததாக நூர்ஜகான் பிறகு என்னிடம் சொன்னார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் என் வாசலுக்கு வந்தார். துண்டு மிசினைத் துடைத்து, எண்ணெய் விட்டு, பட்டயத்தைச் சாணை பிடித்துவிட்டு, இனி இது உனக்கு என்றார். விற்றால் நல்ல இரும்பு விலைக்குப் போகும் பாய் என்றேன். விற்பதற்கா செய்தேன் என்று கேட்டார். அன்று நான் வாய்விட்டு அழுதேன். அதை அவர் நன்றி என்று நினைத்தார். நன்றியும்தான்! ஆனால் நன்றி மட்டும் இல்லையே...

அந்த மிசின்தான் இன்றைக்கு எனக்குச் சோறு போடுகிறது. புகையில்லாத அடுப்பு வைத்திருக்கும் ஹோட்டல்காரர்கள் துண்டு விறகு கேட்டு வருகிறார்கள். என்னோடு நாலு பெண்கள் வேலை செய்கிறார்கள். முள்ளில் நடந்து மூட்டப் புகையில் இருமிக்கொண்டிருந்த நாங்கள் இன்று நிழலில் நின்று வேலை செய்கிறோம். எல்லாம் அவர் கொடுத்தது. ஒவ்வொரு நோன்பு மாதமும் நூர்ஜகான் கஞ்சி கொடுத்து விடுகிறார். பாய் மாதம் ஒருமுறை போனில் குரலைப் பதிந்து அனுப்புவார்: மிசின் நல்லா ஓடுதா, பட்டயம் தேஞ்சிருச்சா, கையைப் பாத்து வேல செய். வீட்டார்கூட என்னை இப்படி விசாரித்ததில்லை. கேட்டு முடித்ததும் நெஞ்சு குளிரும். அடுத்த நிமிடமே கனக்கும்.

இப்போது நான் விற்கும் ஒவ்வொரு துண்டையும் தட்டிப் பார்த்துத்தான் சாக்கில் போடுகிறேன். அடுப்பு விறகுக்கு அது தேவையே இல்லை. ஏன்க்கா நேரத்தைக் கெடுக்கிறீர்கள் என்று பெண்கள் கேலி செய்கிறார்கள். பழகிவிட்டது என்பேன்.

இந்த வருடம் பாய் நாற்பது நாள் லீவில் வந்தார். தாடி வெளுத்திருந்தது. சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் வீரசோழனுக்குப் பஸ் ஏறினேன். இறங்கும்வரை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

உட்கார்ந்ததும் அவர் ஒரு பெரிய தாளை விரித்தார். புது வடிகட்டியின் படம்! பழையதைப் போல இரண்டு மடங்கு பெரியது. உள்ளே அடுக்கடுக்காகத் தகடுகள். ஐந்து வருடமாக, வேலை முடிந்து அறைக்கு வந்த பிறகு உட்கார்ந்து இதைத்தான் வரைந்தாராம். எங்கே தப்பு செய்தேன் என்று இப்போதுதான் பிடிபட்டது என்றார். இந்தத் தகடுகள் விலை கூடுதல். அதற்காக மட்டும் இன்னும் ஒரு வருடம் அங்கே இருந்துவிட்டு வந்துவிடுவாராம். நூர்ஜகான் அந்தத் தாளைப் பார்க்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குற்றமே செய்யாத ஒரு வடிகட்டிக்காக இந்த மனிதர் ஐந்து வருடம் யோசித்திருக்கிறார்! இன்னும் ஒரு வருடத்தைக் கொடுக்கப் போகிறார்! நேராகச் சொல்ல முடியாமல் சுற்றி வளைத்தேன். மழைக்காலத்தில் விறகு நனைந்துவிட்டால் என்ன செய்வீர்கள் பாய் என்று கேட்டேன்.

"அது ஒரு பெரிய காரியமா? ஒரு மூட்டை கரியக் கலந்து போட்டாத் தீந்துச்சு. தாரு அம்புட்டும் அந்த நெருப்புலயே எரிஞ்சிரும்."

கரி...

அந்தப் புதன்கிழமை காலை என் வாசல் தாழ்வாரத்தில் மழை படாமல் முப்பது மூட்டை கரி அடுக்கிக் கிடந்தது. அவர் அதன்மேல் சாய்ந்து நின்றுதான் அந்த இரண்டு துண்டைத் தட்டினார். 'விறகு நனைஞ்சிருச்சு பாய்' என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவர் கோபித்திருக்கக்கூட மாட்டார். கையை நீட்டி ஒரு மூட்டையை எடுத்து வண்டியில் போட்டிருப்பார். மகள் அழுதிருக்க மாட்டாள்.

அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. கொட்டிவிட்டேன்.

"பாய், அன்னைக்கு வெறகு ஈரம். தார்ப்பாயச் சடங்கு வீட்டுக்குக் கொண்டு போயிட்டேன். நனைஞ்சதை அடியில போட்டு, நல்லதை மேலாக்க வச்சேன். உங்க பில்டருல ஒண்ணும் இல்ல பாய்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். நூர்ஜகானும் திரும்பிப் பார்த்தார். பிறகு பாயின் முகம் மெல்ல மலர்ந்தது. கண்ணில் நீர் தளும்பிற்று.

"நான் போகக் கூடாதுன்னு இப்படிச் சொல்றியாக்கும். என்னைத் தேத்துறதுக்காக நீ பழியத் தூக்கிக்கிறாதத்தா. உன்னை எனக்குத் தெரியாதா?"

பிறகு மனைவியைப் பார்த்து, கூடப் பிறந்தவள்கூட இப்படிச் சொல்ல மாட்டாள் என்றார். நூர்ஜகான் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். சாப்பிடாமல் போகக்கூடாது என்று இலை போட்டார்கள். சாப்பிட்டேன்.

இப்போது கவனமாகக் கேளுங்கள். நான் உங்களிடம் ஒப்புக்கொள்ள வந்தது ஈர விறகை அல்ல. இதைத்தான்: அவர் நம்பவில்லை என்று தெரிந்த அந்த நொடியில் எனக்கு நிம்மதியாக இருந்தது!

இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். சத்தியம் செய்திருக்கலாம். தங்கைக்குப் போன் போட்டுத் தார்ப்பாயைப் பற்றி அவளிடமே அவரைக் கேட்க வைத்திருக்கலாம். அவள் வீட்டுப் பரணில் அந்த நீலத் தார்ப்பாய் இன்றும் கிடக்கிறது. எதையும் செய்யவில்லை. ஒருமுறை சொல்லியாயிற்று, நம்பாதது அவர் பாடு என்று மனம் எவ்வளவு சுலபமாகக் கணக்கை முடித்துக்கொண்டது! இலையை மடித்துவிட்டு எழும்போது என் பெயர் முன்னைவிடப் பெரிதாகியிருந்தது.

பாய் போய்விட்டார். போகும்போது அந்தப் படத்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். வீட்டில் ஓடு ஒழுகுகிறதாம். உன்னிடம் இருந்தால் நனையாது என்றார். தாளை பிளாஸ்டிக் பையில் சுருட்டி, நெல் மூட்டைக்கு மேலே வைத்திருக்கிறேன்.

நேற்று அவர் குரல் வந்தது. உற்சாகமான குரல். முதல் தகட்டுக்குச் சொல்லிவிட்டாராம். இனி ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்ப்பாராம். நான் வந்ததும் ஓட்டிப் பார்க்க ஐந்து மூட்டை நல்ல விறகு வேண்டும், இப்போதே காய வைக்க ஆரம்பித்துவிடு என்றார். கடைசியாக, எப்போதும்போல, உனக்கு நான் கடமைப்பட்டவன் தங்கச்சி என்றார்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு மிசினுக்குப் பக்கத்தில் நின்றேன். பேசும் பொத்தானை அழுத்தினேன். பாய் என்று ஆரம்பித்தேன். நாலு பெண்களும் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"சரி பாய். காய வைக்கிறேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.